பித்தளைக் குத்துவிளக்கு: வாங்குவது முதல் துலக்குவது வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூஜையறையில் ஆண்டுக்கணக்காக நிற்கும் குத்துவிளக்கைத் தூக்கிப் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தால், அந்த வீட்டில் விளக்கு எப்படிப் பேணப்படுகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். மேலே பொன்னாக மின்னும் விளக்கின் அடியில் பச்சைக் களிம்பும் பிசுக்கும் படிந்திருந்தால், தட்டிலிருந்து எண்ணெய் தண்டு வழியாக நாள்தோறும் கசிந்து இறங்குகிறது என்று பொருள். விளக்கைப் பற்றிய பேச்சு எத்தனை முகம் ஏற்றுவது, எந்தத் திசை நோக்கி வைப்பது என்பதிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அவை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் வழக்கங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை. பித்தளை, எண்ணெய், பஞ்சு, நெருப்பு ஆகிய நான்கும் ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்று அறியாததால் நேரும் பிழைகளை மட்டுமே இங்கே சொல்கிறேன்.

முதல் பிழை கடையிலேயே தொடங்குகிறது. புது விளக்கின் பளபளப்பு பல நேரங்களில் பித்தளையினுடையது அன்று. அதன்மேல் அடித்திருக்கும் லாக்கர் (lacquer) என்ற வார்னிஷ் போன்ற பூச்சினுடையது. சுடர் படும் இடத்தில் அந்தப் பூச்சு கருகித் திட்டுத்திட்டாக உரியும். எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் அந்தத் திட்டுகள் போகமாட்டா, ஏனெனில் புளி பூச்சைக் கடந்து உலோகத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே பூச்சு உண்டா என்று கேட்டு வாங்குவதும், இருந்தால் ஏற்றத் தொடங்கும் முன்பே, பெயின்டைக் கரைக்கும் தின்னர் (thinner) தொட்ட துணியால், நெருப்பில்லாத காற்றோட்டமான இடத்தில் வைத்து முழுவதையும் துடைத்தெடுத்துக் கழுவிவிடுவதும் நல்லது. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது. ஆனால் ஒட்டவில்லை என்பதாலேயே அது பித்தளை ஆகிவிடாது, அலுமினியத்திலும் துத்தநாகத்திலும்கூடக் காந்தம் ஒட்டாது. எடையும், மெருகேற்றாத அடிப்பக்கத்தின் நிறமும் கூடுதலாகச் சொல்லும்.

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலின் விளக்குகள் புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே காவிரி வண்டல் மணலில் அச்செடுத்து, பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அமரும் அன்னம் என ஒவ்வொன்றையும் தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, மரையிட்டுப் பொருத்துகிறார்கள். மணல் வார்ப்பில் எத்தகைய கைத்திறன் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் விழக்கூடும். வாங்கும்போது தட்டில் தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் வைத்து அடியைத் தடவிப் பார்க்கத் தயங்குவதால்தான், தண்டின் வழியே எண்ணெய் இறங்குவதைப் பிறகு காலமெல்லாம் துடைத்துக்கொண்டிருக்க நேர்கிறது. கடையின் கண்ணாடி மேசைமீது நிறுத்தி, விளக்கு ஆடுகிறதா என்று பார்ப்பதற்கும் அரை நிமிடம் போதும்.

எண்ணெயில் நேரும் பெரிய தவறு, ‘தீப எண்ணெய்’ என்ற பெயரைக் கண்டதும் எல்லாம் ஒன்றே என்று நினைப்பது. அந்தப் பெயரில் விற்பவற்றில் பல எண்ணெய்கள் கலந்திருப்பது உண்டு, சிலவற்றில் கனிம எண்ணெயும் சேரும். புட்டியின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டே வாங்க வேண்டும். விளக்கெண்ணெய் தன் பெயரிலேயே விளக்கை வைத்திருந்தாலும், மிகவும் கெட்டியானது என்பதால் தனியாக ஊற்றினால் திரியில் மெதுவாகவே ஏறும். நல்லெண்ணெயுடன் கலந்து ஊற்றும் வழக்கம் அதனால் பொருள் உள்ளதாகிறது. மார்கழிக் குளிரில் உறைந்துபோன நெய்யில் திரியை நட்டு ஏற்றினால், திரி நெய்யை உறிஞ்ச முடியாமல் தானே கருகும். மண்ணெண்ணெயை எந்த அவசரத்துக்கும் இதில் ஊற்றக் கூடாது.

விளக்கு புகைவதற்கு எண்ணெயைக் குறை சொல்வோம். குற்றம் பெரும்பாலும் திரியில் இருக்கும். பஞ்சின் இழைகளுக்கு இடையே எண்ணெய் மேலேறி நுனியில் ஆவியாகி எரிவதுதான் சுடர். ஆதலால் திரி முழுவதும் எண்ணெயில் ஊறுவதற்கு முன் ஏற்றினால் முதலில் எரிவது பஞ்சுதான். மூக்குக்கு வெளியே திரி நீண்டிருந்தால் சுடருக்குப் போதிய காற்று கிடைக்காமல் கரி கக்கும். சிறு மணி அளவே வெளியே தெரிந்தால் போதும். திரியை இறுக முறுக்கினாலும் எண்ணெய் ஏறாது. செயற்கை இழை கலந்த திரி எரியும்போது உருகி, கருப்பு மணியாகத் திரண்டுவிடும். ஒரு துண்டைத் தனியே எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குளிர வைக்கும்போது வாயால் ஊதக் கூடாது என்பதை மரியாதையாகவே சொல்லிக் கேட்டிருக்கிறோம். அதில் சூடான எண்ணெய்யும் பொறியும் தெறிக்காமல் காக்கும் நன்மையும் உண்டு. தூண்டுகோலால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுவதே சிறந்த முறை. பால் துளி விட்டு அமர்த்துகிறவர்கள் அந்தத் துளி என்னவாகிறது என்று யோசிப்பதில்லை. எண்ணெயைவிடக் கனமான அது அடியில் தங்கிப் புளிக்கிறது, அங்கே பித்தளையை அரிக்கிறது, மறுநாள் திரியில் ஏறிச் சடசடக்கிறது. எண்ணெய் குறைந்து திரி தட்டுக்குள் விழுந்து முழுவதும் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. பெரிய பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து மூட வேண்டும். மர அலமாரிக்குள் விளக்கு வைப்பவர்கள், விளக்கு எரியும்போது மேல்பலகை அருகே கையை வைத்துப் பார்க்கட்டும். கை பொறுக்காவிட்டால் அந்த இடம் விளக்குக்கு உரியதன்று. தண்டில் சுற்றும் பிளாஸ்டிக் பூமாலையைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட விளக்கைக் கெடுப்பது, தட்டில் தேங்கும் பழைய எண்ணெய்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் என்றும், அதற்கு ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய் என்றும் கணக்கு வருகிறது. எண்ணிக்கை குறையாமல் பேணப்பட்டதால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். இரவும் பகலும் எரிந்து, அன்றன்று புது நெய் பெற்ற விளக்குகள் அவை. நம் வீட்டு விளக்கோ அரை மணி நேரம் எரிந்துவிட்டு மீதி நாள் முழுவதும் எண்ணெயோடு நிற்கிறது. அந்த எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டுச் சிக்கு வாடை எடுத்து, அதில் அமிலம் பெருகி, பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து பச்சையாகிறது. ஆன்மாவைப் பற்றியிருக்கும் மலம் எனும் அழுக்குக்குச் செம்பில் உள்ள களிம்பைச் சைவ சித்தாந்தம் உவமை சொல்லும். செம்பு உள்ள நாள்முதல் களிம்பும் உண்டு என்பது அங்கே கருத்து. விளக்கின் களிம்பு அத்தனை அனாதியானதன்று. பழைய எண்ணெய்மேல் புது எண்ணெய் ஊற்றிக்கொண்டே போகும் நம் பழக்கத்தில் விளைவது. தினமும் ஏற்றுவதாக இருந்தால், அன்றைக்கு வேண்டிய அளவே ஊற்றி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் துலக்கும் வேலை பாதியாகக் குறையும்.

விளக்கை விளக்குவதில் நேரும் தவறுகள், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போதே புளியைத் தேய்ப்பதிலிருந்து தொடங்குகின்றன. எண்ணெய் படிந்த இடத்தில் புளிக்கு வேலை இல்லை. முதலில் கடலை மாவோ சாம்பலோ தூவிப் பிசுக்கைத் துடைத்து, வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவிவிட வேண்டும். அதன்பின் புளி தடவினால், அதிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுத்த படலத்தைச் சில நிமிடங்களில் கரைத்துவிடும். கரைந்தபின்னும் விட்டுவைத்தால் அது உலோகத்தையே தின்னத் தொடங்கும். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது; அவற்றுள் துத்தநாகமே எளிதில் கரைந்து வெளியேறும். எங்கள் வீட்டில், கார்த்திகைக்கு முன்தினம் புளியும் உப்புமாகக் கரைத்த நீரில் இரவெல்லாம் ஊறிய விளக்கு ஒன்று, காலையில் ஆங்காங்கே இளஞ்சிவப்பாகச் செம்பு நிறத்தில் எழுந்து வந்தது. அந்தத் திட்டுகள் தேய்ப்பதால் போகவில்லை. துத்தநாகம் வெளியேறிய இடத்தில் அதைத் திரும்ப வைக்க வழியும் இல்லை. கம்பி நார் வேண்டாம். அது போடும் கீறல்களில் அடுத்த வாரம் எண்ணெய் புகுந்து உட்காரும். தேங்காய் நார் போதும். கழுவியதும் தானாகக் காயட்டும் என்று வெயிலில் வைத்தால் நீர்த்துளி நின்ற இடமெல்லாம் புள்ளி விழும். உடனே துடைத்து, கடைசியில் உலர்ந்த திருநீற்றைத் துணியில் தொட்டுத் தேய்த்தால், மீந்த புளிப்பும் அடங்கும், மெருகும் ஏறும்.

பாகங்கள் கழலவில்லை என்றால் குறடு போடக் கூடாது. மரையில் இறங்கிய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். இணைப்பின்மேல் கொதிநீரை மெல்ல ஊற்றி, கெட்டித் துணி சுற்றித் திருகினால் பெரும்பாலும் இளகும். திரும்பப் பூட்டும்போது மரையைத் துடைத்துச் சிறிது வாஸ்லின் தடவி, கை இறுக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் பெரிய விளக்கை பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே ஈரம் தங்கும். பாகங்களை ரப்பர் வளையத்தால் கட்டினால் அதிலுள்ள கந்தகம் கறுத்த கோடு போடும். உலர்ந்த பழைய வேட்டித் துணியே நல்லது. இரண்டு மூன்று தலைமுறை கண்ட விளக்காக இருந்தால், வாரந்தோறும் பொடி போட்டுத் தேய்ப்பதையும் விட்டுவிடலாம். அன்னத்தின் அலகும் இறகு வரிகளும் ஒவ்வொரு தேய்ப்பிலும் சிறிது சிறிதாகக் கரைகின்றன; பாதத்தில் கொடுத்தவர் பெயர் பொறித்திருந்தால் அந்த எழுத்துகளும் அப்படித்தான். அத்தகைய விளக்கைப் பிசுக்கு இல்லாமல் துடைத்து வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஓரிரு முறை புளி காட்டினால் போதும்.