அலமாரிக் குமிழ்: ஓட்டை போடுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

எங்கள் சமையலறையில் மேல் அலமாரிக் கதவு ஒன்றில் மட்டும் குமிழுக்கு அடியில் வட்டமாக ஒரு பித்தளைத் தகடு இருக்கும். வருகிறவர்கள் அழகுக்காக வைத்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தகட்டுக்கு அடியில் இருப்பது நான் தப்பாகப் போட்ட ஓட்டை.

அளக்காமல் போட்டதில்லை. அட்டையை வெட்டி, அடி விளிம்பிலிருந்து 5 செ.மீ., பக்க விளிம்பிலிருந்து 4 செ.மீ. என்று குறித்து, அதை ஒவ்வொரு கதவிலும் வைத்துத்தான் துளைத்தேன். ஒரு கதவில் மட்டும் அட்டை கால் திருப்பு திரும்பிவிட்டது. நாலும் ஐந்தும் இடம் மாறிவிட்டன. ஆகவே அட்டையில் ‘மேல்’, ‘கீழ்’, ‘கீல் பக்கம்’ என்று பெரிதாக எழுதிவிடுங்கள். குமிழ் வர வேண்டியது கீலுக்கு எதிர்ப்பக்கம்: மேல் அலமாரி என்றால் கீழ் மூலை, கீழ் அலமாரி என்றால் மேல் மூலை. ஜோடிக் கதவுகளில் இடதும் வலதும் குழம்பும். எல்லாக் கதவிலும் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலால் புள்ளி வைத்து, நாலடி தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் டிரில்லைத் தொட வேண்டும்.

‘எல்’ வடிவச் சமையலறையின் மூலை டிராயரில் இன்னொரு சங்கடம் உண்டு. குமிழ் மாட்டியபின் இழுத்தால், பக்கத்துக் கதவின் குமிழில் போய் இடிக்கும். பக்கத்தில் பிரிட்ஜ் இருந்தாலும் இதே கதைதான். குமிழை டேப்பால் ஒட்டி ஒருமுறை திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ஸ்க்ரூ நீளத்தில். பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் 25 மி.மீ. நீள எம்4 (4 மி.மீ. தடிமன்) ஸ்க்ரூ. 18 மி.மீ. பிளைவுட் கதவுக்கு அது சரியாக இருக்கும். டிராயரில் முகப்புப் பலகை 18, அதன் பின்னால் பெட்டியின் பலகை 12, ஆக மொத்தம் 30 மி.மீ. ஸ்க்ரூ மறுபக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. 40 மி.மீ. தனியாகக் கேட்டு வாங்குங்கள். நீளம் கூடினாலும் தொல்லைதான். குமிழுக்குள் மரை முடிந்துவிடும், குமிழோ பலகையில் உட்காராமல் ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்க்ரூ தலையில் ஒரு வாஷர் போட்டால் சரியாகும். வெட்டுவதானால், முதலில் ஸ்க்ரூவில் ஒரு நட்டை ஏற்றிவிட்டு ஆக்சா பிளேடால் அறுங்கள். அறுத்தபின் நட்டைக் கழற்றும்போது, நசுங்கிய மரையும் சீராகிவிடும்.

மைக்கா ஒட்டிய பலகையில் டிரில் பிட் வழுக்கும். ஆணி நுனியால் லேசாகத் தட்டிக் குழி செய்து, 2 அல்லது 3 மி.மீ. பிட்டில் தொடங்கி, பிறகு 5 மி.மீ. போடுங்கள். பிட் வெளியே வரும் பக்கம்தான் சிதறும் என்பதால் முன்பக்கமிருந்து துளைப்பதும், பின்னால் ஒரு வேண்டாத மரத்துண்டை அழுத்திப் பிடிப்பதும் நல்லது. அந்தத் துண்டைப் பிடிக்கச் சோம்பல்பட்டதன் அடையாளம் இன்னும் என் கதவுகளின் உள்பக்கத்தில் இருக்கிறது.

குமிழுக்குப் பதில் ஹேண்டில் என்றால் ஓட்டை இரண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 96, 128, 160 மி.மீ. என்று பெரும்பாலும் 32-இன் மடங்காக வரும். கடைக்காரர் சொன்ன அளவை நம்பாமல் ஹேண்டிலையே அளந்துகொள்ளுங்கள், 2 மி.மீ. தள்ளிப்போனாலும் ஸ்க்ரூ ஏறாது.

அப்புறம், கடைசித் திருகலை டிரில்லால் செய்ய வேண்டாம். மலிவான குமிழ்களில் மரை சீக்கிரம் தேய்ந்துவிடும். கையாலேயே ஸ்க்ரூ டிரைவர் பிடித்து, குமிழ் சுற்றாமல் நிற்கும்வரை திருகினால் போதும். தினமும் இழுபடுகிற டிராயரில் சில மாதத்தில் கொஞ்சம் தளரும், அப்போது இன்னொரு கால் சுற்று.