ஒழுங்கையில் எடுத்த பாட்டிலிருந்து முழுநீளப் படத்துக்கு

யாழ்ப்பாணத்தில் கமெரா பிடிக்கப் பழகியவர்கள் பலர் கலியாண வீட்டு வீடியோவில் தொடங்கி, நண்பனின் பாட்டுக்குக் காணொளி எடுத்து, முழுநீளப் படத்தின் வாசலில் தயங்கி நிற்கிறார்கள். அவர்களுக்கு அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் எப். கேரி கிரேயின் பாதையைப் பார்க்கச் சொல்வேன். 1993இல் ஐஸ் கியூப் என்ற ராப் பாடகரின் ‘இற் வோஸ் எ குட் டே’ பாடலுக்கு அவர் காணொளி இயக்கினார். காலையில் எழுவது முதல் இரவு வரை ஒரு நாளைச் சொல்லும் பாடல் அது. 1995இல் வந்த அவருடைய முதற்படமான ‘பிரைடே’யின் திரைக்கதையை எழுதியவர்களில் அதே பாடகரும் ஒருவர். அப்படமும் ஒரே நாளில், பெரும்பாலும் ஒரே தெருவில் நடக்கிறது.

ஆகவே முதலில், காலம் நகரும் பாடலொன்றைத் தேர்ந்தெடுங்கள். நாயகன் பண்ணைப் பாலத்தில் கைகளை விரித்து நிற்பதை ட்ரோனில் எடுப்பது எளிது. ஆனால் அதில் நாயகனுக்கு எதுவும் நடப்பதில்லை, அந்தக் காட்சியை நாம் பார்த்தும் அலுத்துவிட்டோம். மாறாக, பாடலை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிட்டாலும் கதை புரியுமா என்று சோதித்து, புரியாத இடங்களைப் படப்பிடிப்புக்கு முன்பே தாளில் திருத்துங்கள்.

இடத்தை உங்கள் ஒழுங்கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலியில் எந்நேரம் வெயில் விழும், எந்த வீட்டு அம்மா முற்றத்தைத் தருவார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். முகங்களை எட்டரை மணிக்கு முன்னும் நான்கு மணிக்குப் பின்னும் எடுங்கள்; உச்சிவெயிலில் கண்குழிகள் கறுத்துவிடும் என்பதால் அந்நேரத்தை விறாந்தைக் காட்சிகளுக்கு ஒதுக்கலாம். வாயசைப்பை மெதுவோட்டத்தில் காட்ட விரும்பினால், நொடிக்கு 50 சட்டகம் எடுத்து 25இல் ஓட்டுங்கள். அப்போது படப்பிடிப்பின்போது பாடலை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும், இல்லையேல் வாயும் சொல்லும் ஒட்டாது.

பாடல் காணொளி கற்றுத்தராத பெரிய பாடம் ஒலி. காட்சியில் ஒலிபெருக்கி அலறினாலும் மோட்டார் சைக்கிள் போனாலும் பாட்டு அதை மூடிவிடும், முழுநீளப் படத்தில் மூட எதுவுமில்லை. எனவே ஒவ்வொரு காணொளியிலும் பாட்டு தொடங்குமுன் இரண்டு நிமிட உரையாடலைச் சேர்த்து, தனி ஒலிவாங்கியில் பதிவுசெய்து பழகுங்கள். நடிப்பவர்கள் அயலவர்களானால் வசனத்தை மனனம் செய்யவிடாமல், நிலைமையைச் சொல்லி அவர்கள் வாய்மொழியிலேயே பேசவிடுவது நல்லது. எழுத்துத் தமிழை ஒப்புவிக்கும் சித்தப்பாவை எந்தத் தொகுப்பாளராலும் காப்பாற்ற முடியாது.

ட்ரோன் பறக்கவிடுவதானால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பார்த்து அனுமதி பெறுங்கள். பலாலி விமான நிலையம் அருகிலிருப்பதை மறக்க வேண்டாம்.

பாடகருடனும் இசையமைப்பாளருடனும் உரிமை யாருக்கு, வருமானம் எப்படிப் பிரியும் என்பதைப் பதிவேற்றுமுன் எழுதிக் கையொப்பமிடுங்கள். நண்பனிடம் கடதாசி கேட்பது வெட்கமாக இருக்கும்தான். ஆனால் கிரேயும் ஐஸ் கியூப்பும் சேர்ந்த வேலை ஒரு பாட்டோடு முடியவில்லை: ஐஸ் கியூப் இருந்த இசைக்குழுவின் கதையான ‘ஸ்ரெயிற் அவுற்ரா கொம்ப்ரன்’ படத்தைக் கிரே 2015இல் இயக்கியபோது, அந்தப் பாடகர் அதன் தயாரிப்பாளர்களில் ஒருவராக இருந்தார்.