எடையில் தொடங்கும் பிழை: மருத்துவ ஊட்டச்சத்துப் பணியில் மென்பொருளைப் புகுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனையின் ஊட்டச்சத்துப் பிரிவுக்குப் புதிய மென்பொருள் வரப்போகிறது என்றால், அது கைப்பேசியில் இயங்குமா, அறிக்கையைத் தானே தயாரித்துத் தருமா என்றுதான் முதலில் பேச்சு நடக்கிறது. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியை எடை பார்க்க வார்டில் கருவி இருக்கிறதா என்று கேட்பவர் அரிது. இத்துறையில் நான் காணும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேட்கப்படாத கேள்வியிலிருந்தே கிளைக்கின்றன.

எடைக்கான கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக விடாத மென்பொருள்கள் பல உண்டு. நோயாளியால் எழுந்து நிற்க முடியவில்லை. செவிலியர் உடனிருப்பவரைக் கேட்கிறார். "அறுபது இருக்கும்" என்று பதில் வருகிறது. 60 என்று பதிவாகிறது. நான்கு மாத நோயில் அவர் உண்மையில் 48 கிலோவுக்கு இறங்கியிருக்கிறார் என்றும், அவருடைய உயரம் 165 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். ஊட்டச்சத்துக் குறைபாட்டின் அபாயத்தைக் கண்டறியப் பரவலாகப் பயன்படும் 'மஸ்ட்' என்னும் முதற்கட்டக் கணிப்பு முறையின்படி, உடல் நிறை குறியீடு 18.5-க்குக் கீழே இருந்தால் 2 புள்ளிகள், மூன்று முதல் ஆறு மாதங்களில் தானாக 10 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்திருந்தால் இன்னும் 2 புள்ளிகள். இவருடைய உண்மையான குறியீடு 17.6, எடை இழப்பு 20 சதவீதம். 4 புள்ளிகள் பெற்று உடனடியாக உணவியல் நிபுணரின் பார்வைக்கு வந்திருக்க வேண்டியவர், குறியீடு 22, எடை இழப்பு இல்லை என்று கணக்கிடப்பட்டு, 0 புள்ளியோடு பச்சை நிறத்தில் திரையில் நிற்கிறார். காகிதத்தில் எழுதிய காலத்தில் 60 என்பதற்குப் பக்கத்தில் 'உறவினர் சொன்னது' என்று ஒரு சிறு குறிப்பாவது இருந்திருக்கும். கட்டத்துக்குள் விழுந்த எண்ணுக்கு அப்படியொரு குறிப்பு இல்லை. ஆகவே, எடையோடு அது அளந்ததா, கேட்டதா, உத்தேசமா என்பதையும், எந்தத் தேதியில் பெறப்பட்டது என்பதையும் பதிவுசெய்ய இடம் இல்லாத மென்பொருளை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

இந்தத் தவறு கலோரிக் கணக்கில் சென்று முடியும்போது ஆபத்தாகிறது. கிலோவுக்கு 25 கலோரி என்ற வழக்கமான கணக்கில் மென்பொருள் நாளொன்றுக்கு 1,500 கலோரி என்று காட்டும். ஆனால் நீண்ட நாள் சரியாக உண்ணாதவருக்குத் திடீரென முழு அளவில் உணவு கொடுத்தால், இன்சுலின் சுரப்பு உயர்ந்து, பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை இரத்தத்திலிருந்து செல்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயத் துடிப்பே தடுமாறலாம். இதனை மறு ஊட்டல் நோய்க்குறி என்கிறோம். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்று முதல் ஆறு மாதங்களில் 15 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவர் அந்த ஒரு காரணத்தாலேயே அதிக ஆபத்துப் பிரிவில் வருவார். அவருக்குக் கிலோவுக்கு அதிகபட்சம் 10 கலோரியில் தொடங்கி, தயாமின் (வைட்டமின் பி1) கொடுத்து, இரத்தத்தில் தாதுக்களின் அளவைக் கவனித்தபடி, படிப்படியாக உயர்த்த வேண்டும். நம் நோயாளிக்கு அது 480 கலோரி. திரை சொன்னது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். இறுதி இலக்கையும் தொடக்க அளவையும் ஒரே கட்டத்தில் வைத்திருக்கும் மென்பொருள்களில் இந்த விபத்துக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கிறது.

எடையைச் சரியாக அளந்த பிறகும், அது எதன் எடை என்ற கேள்வி மீதமிருக்கும். கால் வீங்கியவர், வயிற்றில் நீர் கோத்தவர், டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் இருப்பவர் ஆகியோரின் எடையில் நீரும் சேர்ந்திருக்கிறது. உடலில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தித் தசையையும் கொழுப்பையும் பிரித்துச் சொல்லும் கருவிகளும், உடலின் நீர்ச்சத்து இயல்பாக இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல்தான் கணக்கிடுகின்றன. வீங்கிய நோயாளிக்கு அவை தாராளமாகத் தசையை வழங்கிவிடும். அவ்வாறே, உடலின் ஆற்றல் தேவையைக் கணிக்க மென்பொருள் 1919-இல் வெளியான ஹாரிஸ்–பெனடிக்ட் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறதா, 1990-இன் மிஃப்லின்–செயின்ட் ஜியோரைப் பயன்படுத்துகிறதா, நோயின் அழுத்தத்தால் கூடும் தேவைக்கான பெருக்கலை அது ஏற்கெனவே செய்துவிட்டதா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. அது தெரியாமல் நாமும் ஒருமுறை பெருக்கினால், கூடுதல் உணவு ஒருவர் கண்ணிலும் படாமல் நோயாளிக்குப் போய்ச் சேரும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்னொரு தவறு பதுங்கியிருக்கிறது. மயக்கத்துக்காகச் செலுத்தப்படும் புரோப்போஃபால் கொழுப்புக் கரைசலில் கலந்து வருவது; ஒரு மில்லிலிட்டருக்கு 1.1 கலோரி. மணிக்கு 20 மில்லிலிட்டர் ஓடினால் ஒரு நாளில் 528 கலோரி சேர்கிறது. மருந்துப் பதிவேடும் ஊட்டச்சத்து மென்பொருளும் ஒன்றோடொன்று பேசாத இடத்தில் இந்தக் கலோரி எந்தக் கணக்கிலும் வராது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: குழாய் வழியே 1,500 மில்லிலிட்டர் கொடுக்கும்படி எழுதப்பட்ட உத்தரவைக் 'கொடுக்கப்பட்டது' என்றே கணினி எடுத்துக்கொள்கிறது. ஸ்கேனுக்காக மூன்று மணி நேரம், குழாய் அடைத்துக்கொண்டதால் இரண்டு மணி நேரம் என்று ஊட்டல் நின்றுபோனது பம்பின் அளவைப் பார்த்தால்தான் தெரியும். தட்டில் வைத்ததும் உள்ளே போனதும் ஒன்றல்ல என்பது வாயால் உண்பவருக்கும் பொருந்தும்.

அலகுகளின் குழப்பத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். உணவுத் தரவுத்தளம் பொட்டாசியத்தை மில்லிகிராமில் தரும். ஆய்வகமும் மருந்துச் சீட்டும் மில்லிமோலில் பேசும். 39 மில்லிகிராம் என்பது ஒரு மில்லிமோல். சமைக்காத எடையைச் சமைத்த எடையாகப் பதிந்துவிடுவதும் இதே வகைப் பிழைதான்.

நோயாளியே பயன்படுத்தும் செயலிகளில் சிக்கல் வேறு மாதிரியானது. உண்பதைக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு என்பதைக் ஐசோடோப்புகளால் குறியிடப்பட்ட நீரைக் குடிக்கக் கொடுத்து ஆற்றல் செலவை அளந்த ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகக் காட்டி வருகின்றன. அளவு மீறினால் சிவப்பு நிறத்தில் எச்சரிக்கும் செயலி, உணவுப் பழக்கத்தை மாற்றுவதற்கு முன் பதிவு செய்யும் பழக்கத்தைத்தான் மாற்றுகிறது. சிவப்பு வரும் நாளில் அவர் எதையும் பதிவதில்லை. தோலடியில் பொருத்தும் சர்க்கரை உணரி அளப்பதும் இரத்தத்தை அன்று, திசுக்களுக்கிடையே உள்ள நீர்மத்தை. அதன் எண் சில நிமிடங்கள் பிந்தி வருகிறது என்பதை விளக்காமல் கருவியைக் கையில் கொடுத்தால், உணவுக்குப் பின் வரும் ஒவ்வோர் ஏற்றத்துக்கும் அவர் பதறிப்போவார்.

ஊழியர்கள் புதிய கருவியை எதிர்க்கிறார்கள் என்று நிர்வாகம் குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய காகிதப் படிவத்தை நிறுத்தாமலேயே கணினியையும் கொண்டுவந்தால், ஒரே தகவலை இரண்டு முறை எழுதும் வேலைதான் மிஞ்சுகிறது. அந்த நேரத்தை மிச்சப்படுத்த நேற்றைய குறிப்பை இன்று நகலெடுத்து ஒட்டுகிறார்கள். 'முக்கால் பங்கு உண்டார்' என்ற வரி, அவர் அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி கிடந்த நாளிலும் அப்படியே நிற்கும். எச்சரிக்கைகளிலும் கணக்கு தேவை: உணவை மாற்றும் அதிகாரம் இல்லாதவரின் திரையில் நாள் முழுவதும் ஒலிக்கும் எச்சரிக்கையை அவர் மூன்றாம் நாளே படிக்காமல் மூடத் தொடங்கிவிடுவார்.

வாங்குவதற்கு முன் செய்யும் சோதனைக்கு விற்பவர் கொண்டுவரும் மாதிரி நோயாளிகள் போதாது. அவர்கள் எல்லோருக்கும் உயரமும் எடையும் கச்சிதமாக இருக்கும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பழைய நோயாளிகளின் கோப்புகளைப் பெயர் நீக்கி எடுத்துக்கொள்ளுங்கள்: உடல் எடையில் ஏறத்தாழ 16 சதவீதமாகும் ஒரு முழுக் காலை இழந்தவர், வீக்கம் கொண்டவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், எடையே தெரியாதவர். கடைசி நபரின் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று பதிய முயன்று பாருங்கள். மென்பொருள் ஒரு எண்ணைக் கேட்டு அடம்பிடித்தால், விற்பவரைத் திருத்திக் கொண்டுவரச் சொல்லுங்கள்.