போன் திசைகாட்டியை மலைக்குக் கொண்டுபோகும் முன்

இலங்கை மலைநாட்டிலுள்ள ஹோர்ட்டன் சமவெளிக்குப் புறப்படுவதற்கு முந்திய வாரம், போன் திசைகாட்டியைக் கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரையில் சோதித்துப் பார்த்தேன். இங்கே கடல் மேற்கே என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடலைப் பார்த்து நின்றால் என் போன் வடமேற்கு என்றது. மூடுபனியில் 10 பாகை பிசகினாலே, ஒரு கிலோமீற்றர் நடந்து முடிக்கும்போது ஏறத்தாழ 175 மீற்றர் விலகிவிடுவோம். அதுவும் செங்குத்துப் பள்ளம் உள்ள இடத்தில்.

முதல் வேலை, நிற்கும் இடத்தை மாற்றுவது. வெள்ளவத்தையில் ரயில் தண்டவாளம் கரையை ஒட்டியே ஓடுகிறது. இரும்பு வேலி, வாகனம், கம்பி கட்டிய கொங்கிறீற்று எல்லாமே காந்தப்புலத்தை வளைக்கும். காலிமுகத்திடலின் புல்வெளி நடுவே நின்று பாருங்கள்.

அடுத்து, ஃபைஃபாக்ஸ் (phyphox) செயலியை இறக்கி அதில் காந்தமானியை, அதாவது போனுக்குள் காந்தப்புலத்தை அளக்கும் உணரியை, திறவுங்கள். இலவசம். அம்புக்குறி மட்டும் காட்டும் செயலிகளை விட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் காந்தப்புலத்தின் வலிமையை எண்ணாகக் காட்டுகிறது. கொழும்பில் பூமியின் காந்தப்புலம் 40 மைக்ரோடெஸ்லா (புல வலிமையின் அலகு) அளவில் இருக்கும். உங்கள் போன் 70, 90 என்று காட்டினால் பக்கத்தில் ஏதோ காந்தமோ இரும்போ இருக்கலாம்.

இனி எட்டுப் போடுவது. போனை எல்லாப் பக்கமும் திருப்பி, காற்றில் 8 வரைய வேண்டும். எப்படித் திருப்பினாலும் பூமியின் புலம் ஒரே வலிமைதான். கூடக்குறையத் தெரிவது போனுக்குள்ளேயே இருக்கும் காந்தத்தால். அதைக் கணக்கிட்டுக் கழிக்கத்தான் இந்தச் சுழற்றல்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பத்துத் தடவை எட்டுப் போட்டும் சரிவரவில்லை. என் போனுக்குப் புத்தகம் போல மடிக்கும் கவர். அதன் நுனியில் பொத்தான் அளவு காந்தம். கவரை விரித்துவைத்து எட்டுப் போட்டேன். அப்புறம் அதைப் பின்னால் மடித்துக்கொண்டு திசை பார்த்தேன். காந்தம் இடம் மாறியதும் போன் போட்ட கணக்கு முழுவதும் வீண். ஒட்டிய இடத்திலேயே அசையாமல் இருக்கும் காந்தத்தை ஓரளவு கழிக்கலாம், அசையும் காந்தத்தை முடியாது. கவரைக் கழற்றி மறுபடி எட்டுப் போட்டேன். கடல் மேற்கே வந்தது.

ஐபோனில் உண்மை வடக்கு (பூமியின் வடமுனை இருக்கும் திசை), காந்த வடக்கு (காந்த ஊசி காட்டும் திசை) இரண்டில் எது வேண்டும் என்று செட்டிங்ஸில் தெரிவு செய்யலாம். இலங்கையில் இரண்டுக்கும் வித்தியாசம் சில பாகைதான், பயப்பட வேண்டாம். நாம் காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் புலம் கிட்டத்தட்டக் கிடையாகவே ஓடுகிறது. போனை மட்டமாகப் பிடித்தால் நல்ல அளவு கிடைக்கும்.

பின்சேர்க்கை: "நடக்கும்போது சரியாகக் காட்டுகிறது, நின்றால் மட்டும் சுற்றுகிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நடக்கும்போது நீங்கள் நகரும் பாதையை வைத்து ஜிபிஎஸ் திசையைக் கணிக்கும். நின்றதும் காந்தமானி மட்டும்தான் துணை. ஆகவே நின்றுகொண்டே சோதியுங்கள்.

இன்னொருவரின் போனில் காந்தமானியே இல்லை. விலை குறைந்த சிலவற்றில் அப்படித்தான். அவருக்கும் சரி, மலையேறும் எல்லோருக்கும் சரி, ஊசித் திசைகாட்டி ஒன்றையும் கட்டாயம் வாங்கச் சொல்வேன். அதைப் போனோடு ஒரே பையில் போடாதீர்கள். போனின் ஸ்பீக்கர் காந்தம் பட்டு ஊசியின் முனையே தலைகீழாக மாறிவிடக்கூடும்.