வீட்டில் கொரோனா: எத்தனையாம் நாள், எத்தனை மூச்சு?

நான் வார்ட்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போதும் இலங்கையில் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் யாருக்காவது கொரோனா பொசிட்டிவ் என்றால் எனக்குப் போன் வரும். காய்ச்சல் எவ்வளவு என்று நான் முதலில் கேட்பதில்லை. இன்றைக்கு எத்தனையாம் நாள், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்றுதான் கேட்பேன்.

நாட்களை எண்ணுவதில்தான் பலர் பிழை விடுவார்கள். பரிசோதனை செய்த நாள் கணக்கில்லை. தொண்டை கரகரத்த, உடம்பு உளைந்த அந்த முதல் நாள்தான் ஒன்று. பெரும்பாலானவர்களுக்குத் தடிமனும் இருமலுமாகவே ஒரு கிழமையில் முடிந்துவிடும். நுரையீரலுக்குள் இறங்குவதென்றால் அநேகமாக ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆள் எழும்பிச் சாப்பிடுகிறார் என்று எல்லோரும் கவனத்தை விடும் நேரமும் அதுதான். அறுபது தாண்டியவர்கள், சுகர், பிரஷர், இதய வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் அந்த நாட்களில் காலை, மாலை, படுக்கப் போகும் முன் மூச்சை எண்ணிப் பாருங்கள்.

மூச்சை எண்ணுவதற்குக் கருவி வேண்டாம். ஆனால் எண்ணப் போகிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் ஆள் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சிலோ வயிற்றிலோ வையுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், முழு நிமிடமும் எண்ணுங்கள். பெரியவர்களுக்குச் சும்மா இருக்கும்போது 12 முதல் 20 வரை சரி. 24ஐத் தாண்டினால் அன்றைக்கே வைத்தியரிடம். 30ஐத் தாண்டினால் அம்புலன்ஸ்தான். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு 40 என்றாலே அதிகம்.

விரலில் மாட்டி இரத்தத்தில் எவ்வளவு ஒக்சிசன் என்று பார்க்கும் ஒக்சிமீற்றர் இருந்தால் நல்லது, ஆனால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. நகப்பூச்சை அழியுங்கள், மருதோன்றி போட்ட விரல் என்றால் போடாத விரலில் மாட்டுங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கவைத்து, இலக்கம் ஓடி ஓடி ஒரு இடத்தில் நிற்கும்வரை பொறுத்துப் பாருங்கள். 95உம் அதற்கு மேலும் என்றால் சரி. 94க்கு இறங்கினால் வைத்தியர், 90 என்றால் உடனே ஆஸ்பத்திரி. நம்மைப் போன்ற கறுத்த தோலில் இந்தக் கருவி சிலவேளை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அதனால் 95ஐயும் 96ஐயும் பார்த்துவிட்டு மூச்செண்ணுவதை விட்டுவிடாதீர்கள்.

நிலாவெளி ஐயா ஒருவர் கட்டிலில் சாய்ந்தபடி, “எனக்கு ஒண்டுமில்ல பிள்ள” என்று கடல் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இலக்கம் 86. ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் நிறுத்தி மூச்செடுத்ததை வீட்டார் வயசு என்று நினைத்துவிட்டார்கள். இந்த வருத்தத்தில் ஒக்சிசன் இறங்குவது ஆளுக்கே தெரியாமல் போகலாம்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிற்றமோல்) போதும்: பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டைத் தாண்டக் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர் கேட்டுவிட்டு எடுக்கட்டும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பட்ட பாட்டைப் பார்த்த ஊர் நாம். நோவுக்கென்று புரூபன் போட்டுவிட்டு, பிறகு டெங்கு என்று வந்தால் இரத்தக் கசிவு கூடும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் கொரோனா என்று தெரிந்திருந்தாலும் இரத்தம் சோதியுங்கள். அன்டிபயோட்டிக் வைரசுக்கு வேலை செய்யாது. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து ஒக்சிசன் தேவைப்படுகிறவரின் உயிரைக் காக்கும் என்று 2020இல் ஆய்வில் தெரிந்தது. தேவைப்படாதவருக்கு அதனால் நன்மையில்லை, சுகரையும் ஏற்றிவிடும். அதைப் பாமசியில் கேட்டு வாங்காதீர்கள். மல்லித்தண்ணி குடிக்கலாம், தொண்டைக்கு இதம். குப்புறப் படுத்தால் ஒக்சிமீற்றர் இலக்கம் கொஞ்சம் ஏறலாம். அதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

உதடு நீலம் பாய்ந்தால், நெஞ்சு இறுக்கினால், ஆள் குழம்பிப் பேசினால், எழுப்ப முடியாத தூக்கமாக இருந்தால் எதையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் எடுங்கள்; அந்த அம்புலன்சுக்குக் காசில்லை. வயது, எத்தனையாம் நாள், மூச்சு, ஒக்சிமீற்றர் இலக்கம், இந்த நாலையும் சொல்லுங்கள். வண்டி வருவதற்குள் கிளினிக் கொப்பி, குடிக்கும் குளிசைகள், நீங்கள் எழுதிவைத்த கணக்கு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையில் வைத்திருங்கள்.