கோபம் தொடங்கிய இடம் வேறு

அண்ணனோடு அப்பாவின் சிகிச்சை பற்றிப் பேசினாலே எனக்குக் குரல் உயர்ந்துவிடும், அப்புறம் இரண்டு நாள் தூக்கம் கெடும். போன முறை ஒன்பது நாள் இழுத்தது.

முதலில் பேச்சை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் என் பதில் இன்னும் கூர்மையானது, அவ்வளவுதான். தோழியிடம் சொன்னேன். அவள் என் பக்கம் நின்றதில் கோபம் கூடியது. "ஏன் கோபம் வந்தது?" என்று கேட்டு எழுதினேன். பக்கம் முழுக்க அண்ணனின் குறைகள்தான்.

பலன் தந்தது கிறிஸ் ஆர்கிரிஸ் என்ற அமெரிக்க அறிஞரின் இரண்டு பத்தி முறை. தாளின் நடுவே கோடு. வலப்பக்கம் இருவரும் பேசிய சொற்கள், நினைவில் உள்ளபடி. இடப்பக்கம், அந்தந்த நேரம் நான் நினைத்தும் சொல்லாமல் விட்டவை. நான் கூடுதலாக ஒன்று செய்தேன்: உடம்பில் மாற்றம் தெரிந்த வரியில் ஒரு புள்ளி வைத்தேன்.

புள்ளி விழுந்த இடம்தான் விசித்திரம். "நீ எப்பவும் இப்படித்தான்" என்று அண்ணன் சொன்னதும்தான் கோபம் வந்தது என்று நம்பியிருந்தேன். தொண்டை இறுகியதோ அதற்கு நான்கு வரி முன்பே, "நானே பார்த்துக்கிறேன், விடு" என்று அவன் சாதாரணமாகச் சொன்னபோது. அதற்கு நேரே இடப்பக்கம் நான் எழுதியிருந்தது: "அப்போ நான் தேவையில்லையா?"

மறுநாள் அண்ணனிடம் அந்த ஒரு வரியை மட்டும் சொன்னேன். மாத்திரைக் கணக்கை இப்போது நான் பார்க்கிறேன்.