புது மோஸ்தர் வாங்கும் முன்
தீபாவளி நெருங்கும்போது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் பக்கம் போனால் கண்ணில் படுவதையெல்லாம் வாங்கத் தோன்றும். பணத்தை எடுக்கும் முன், வீட்டு அலமாரியில் இருக்கும் 3 உடைகளோடாவது அது சேருமா என்று யோசியுங்கள். சேராதா, விட்டுவிடுங்கள்.

புதுப் பாணி ரொம்பவே பிடித்துவிட்டதா? ரவிக்கையில் மட்டும் காட்டுங்கள். சேலை உங்களுக்குப் பழகிய நிறத்திலேயே இருக்கட்டும். அதே வட்டாரத்துத் தேக்கா சென்டர் மாடியில் தையல் கடைகள் உண்டு. பழைய ரவிக்கையின் கையை மட்டும் மாற்றித் தரச் சொல்லலாம். தையலுக்குள் மிச்சத் துணி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெல்வெட் துணி படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் நம் ஊர்ப் பிற்பகல் வருடத்தில் பெரும்பாலும் 31, 32 டிகிரி. வெல்வெட் உடுத்தி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து கோயில் வரை நடந்தபோதுதான் எனக்கே அது உறைத்தது!